கட்டைக்கால் எழுத்து

ஆமாங்க, உங்க கையில இருக்கற பிஸ்கட் பாக்கெட்டுல பழைய சுவைன்னு தடியா போட்டிருக்கே, அந்த எழுத்து நான் வரைஞ்சதுதான். நம்பலையா? வரையறது கம்ப்யூட்டர்லதாங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில சதுரமா கட்டைக்கால் வைக்கணும், பூட்ஸ் போட்டு நிக்கறாப்புல. அப்புறம் பெயிண்ட் உரிஞ்ச மாதிரி ஓரமெல்லாம் பிச்சு விடணும். நான் வரைஞ்சு நாலு வருஷம்கூட ஆகலை. பாக்கறவங்க என்னவோ அந்தக் காலத்து எழுத்துன்னே நினைச்சுக்குவாங்க. வித்தையே அதுதான்.

கோர்ட்டுல என்ன கேஸா? எங்க அப்பாவோட மரப்பட்டறை விஷயம். அப்பா போனதுலேர்ந்து இருபது வருஷமா தங்கச்சிதான் அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறா. ரெண்டு விரல்ல அவளுக்கு நகமே கிடையாது, உளி பட்டுப் பட்டு. இப்ப அண்ணன் திடீர்னு, அப்பா உயிரோட இருக்கறப்பவே எனக்குக் குடுத்துட்டாருன்னு கிளம்பியிருக்காரு. அத்தாட்சி ஒரு பலகை. பட்டறை பேரு, கீழ உரிமையாளர்னு அண்ணன் பேரு. அப்பாவே மாட்டினதாம், வெள்ளையடிக்கறப்ப கழட்டி பரண்ல போட்டதாம்.

அண்ணனைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்ப, ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம மாடி ரூமைத் தொறந்து விட்டவரு. பதினோரு வருஷமா அவரு வீட்டுச் சாப்பாடுதான். எறங்கணும்னா அவங்க கூடத்து வழியாத்தான் எறங்கணும். அண்ணி டீவியிலேர்ந்து கண்ணை எடுக்காமலே, எங்க கிளம்பிட்டேன்னு கேப்பாங்க. நல்லவங்கதான். கேப்பாங்க, அவ்வளவுதான்.

போன வருஷம் அண்ணன் மாடிக்கு வந்தாரு. அப்பா ஞாபகமா கூடத்துல மாட்ட ஒரு போர்டு வேணும், அந்தக் காலத்துது மாதிரியே இருக்கணும்னாரு. பழைய கதவுப் பலகை ஒண்ணும் அவரே தூக்கிட்டு வந்தாரு. நான் சந்தோஷமா எழுதினேங்க. நாலு நாள் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, காப்பித்தண்ணி தடவி, வெயில்ல காய வச்சு... உரிமையாளர்னு எதுக்குண்ணேன்னு கேட்டேன். சும்மா ஒரு அழகுக்குன்னாரு.

ஆமா. அதே பலகைதான்.

இல்லைங்க, இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்க. காலையிலயே கூண்டுல ஏறிச் சொல்லியாச்சு. சின்ன வயசுல பட்டறை வாசல்ல அந்தப் பலகையைப் பாத்திருக்கேன்னு. ஜட்ஜ் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு.

பின்ன ஏன் இன்னும் இங்கயே உக்காந்திருக்கேன்னு கேக்கறீங்க. அதோ, வாசல்ல பச்சைக் குடையோட நிக்கறா பாருங்க, அவதான் தங்கச்சி. நான் வெளியில வந்ததும் கையைப் புடிச்சுக்கிட்டா. நீ பாத்தேன்னு சொன்னா பாத்துதான் இருப்பேக்கா, எனக்கு அப்ப விவரம் தெரியாத வயசுன்னா. வெளியில மழைங்க. நான் நனைஞ்சுடுவேன்னு, என்னை வீடு வரைக்கும் கொண்டுபோய் விடறதுக்காக ஒரு மணி நேரமா நிக்கறா.