வியாழக்கிழமைத் தண்ணீர்

— இடுப்பளவு தண்ணியா? போன வாரம் கழுத்தளவுன்னு சொன்னீங்களே, மாமா?

— போன வாரம் மழை பேஞ்சுது, மருமகளே. இப்ப வத்திப்போச்சு.

— நீங்க தண்ணி எடுத்ததே ஒரு நாள்தான். அது எப்படி வாராவாரம் ஏறி இறங்கும்?

— அடேங்கப்பா… உனக்கு ஆலை வக்கீலே தேவலை போலிருக்கே!

— அவர் இதைவிடக் குடைவார். இன்னும் அரை மணி நேரத்துல உள்ளே கூப்பிட்டுடுவாங்க. பெஞ்சுல நேரா உட்காருங்க. முதல்ல சட்டைப் பொத்தானைச் சரி பண்ணுங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கீங்க.

— அது வேணும்னே போட்டது. பொத்தான் கோணலா இருந்தாத்தான் ஆள் நேரானவன்னு நம்புவாங்க.

— மாமா… இப்ப நான் வக்கீல், நீங்க சாட்சி. சரியா? "பெரியவரே, மூணு வாரத்துக்கு முந்தி வாய்க்கால் தண்ணியை விசாரிக்கிற இந்தக் குழுவோட மேஜை மேல யாரோ ஒரு பாட்டில் தண்ணியை வெச்சுட்டுப் போனாங்க. காகித ஆலைக் கழிவு, வியாழக்கிழமை காலையில எடுத்ததுன்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு. எடுத்தவர் பேர் இல்லை. ரெண்டு வாரம் யாரும் வாயைத் திறக்கல. போன வாரம் திடீர்னு நீங்க எழுந்து, நான்தான் எடுத்தேன்னு சொன்னீங்க. அதுவரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?"

— கூச்சம்.

— உங்களுக்கு.

— ஏன், எனக்கு வரக்கூடாதா? முப்பத்தொரு வருஷம் ஊருக்குத் தண்ணி ஏத்தினவன். பம்ப் ஹவுஸ்ல நானும் மோட்டாரும்தான். மோட்டார் பேசறப்ப நான் பேசமாட்டேன். அது பேசாத நேரமே கிடையாது. அப்படி அடங்கி ஒடுங்கி இருந்தவன் நான்.

— "சரி. வாய்க்கால்ல எந்த இடத்துல இறங்கினீங்க?"

— ஆலைக் குழாய் வந்து விழற இடத்துல. அருவி மாதிரி கொட்டுது! கறுப்புன்னா கறுப்பு, கண்மையைக் கரைச்சு ஊத்தின கறுப்பு. நுரையா அது? ஒவ்வொண்ணும் ஒரு யானைக்குட்டி. கரையில ரெண்டு எருமை மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குது.

— எருமை… மூக்கை… பொத்திச்சு.

— தன் மூக்கைத் தானே எப்படிப் பொத்தும்? இது அதோட மூக்கை, அது இதோட மூக்கை. என்ன ஒத்துமைங்கிறே!

— சிரிப்பு மூட்டாதீங்க, மாமா. அந்தக் குழாய்க்கிட்ட யாரும் இறங்கவே முடியாது, ஆலை வேலி போட்டிருக்கு. சின்னப் பாலத்துக்குக் கீழே கல் படி இருக்கே, அங்கதான் இறங்கலாம். அங்க தண்ணி முழங்கால் அளவுதான். ஒரே ஒரு தடவை "முழங்கால்"னு சொல்லிப் பாருங்களேன்.

— முழங்கால்ல என்ன வீரம் இருக்கு? முழங்கால் தண்ணியில கொக்குகூட நிக்கும்.

— வீரம் வேண்டாம். நம்பற மாதிரி இருந்தாப் போதும். நீங்க ஒரு எருமையைச் சேர்த்தீங்கன்னா, அவங்க பாட்டிலையே தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க.

— போட்டா என்ன ஆகும்?

— தெரியாத மாதிரி கேக்கறீங்களே! எட்டுப் பேர்ல நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். தலைவி அம்மா என்ன சொன்னாங்க? "இது ஆலைத் தண்ணிதான்னு கையெழுத்துப் போட ஆள் இருந்தா இன்னிக்கே உத்தரவு வரும். கழிவைச் சுத்தம் பண்ண வழி செய்யற வரைக்கும் ஆலை ஓடக்கூடாது. ஆள் இல்லைன்னா, ஆலை கேக்கிற மூணு வருஷ அவகாசத்தைக் கொடுக்கறதைத் தவிர வழியில்லை"ன்னாங்க. மூணு வருஷம், மாமா. மூணு வருஷம் ஊரே அதைத்தான் குடிக்கும்.

— தலைவி அம்மா பாவம். பதினோரு கூட்டத்துக்கும் நான் வந்திருக்கேனே, பொதுமக்கள் பெஞ்சுல முதல் ஆளா. டாக்டர் அம்மா பிள்ளைங்களோட கைகாலைப் படம் எடுத்துக் காட்டினாங்க பாரு, செதில் செதிலா… அன்னிக்கு முழுக்க நான் டாக்டர் அம்மா கட்சி. மறுவாரம் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்காரர் எழுந்து, "அறுநூறு குடும்பம், அம்மா, அறுநூறு அடுப்பு"ன்னு சொல்லி அழுதார். அழுதாரா? மேஜைக்கு அடியில வாளி வெச்சாங்க! அன்னிக்கு நான் சங்கத்துக்காரர் கட்சி.

— அவர் அழுததுல பொய் இல்லை, மாமா.

— நான் பொய்னு சொன்னேனா? வாளிதான் என்னுது. கண்ணீர் அவரோடது. அப்புறம் அந்தப் பறவைக்காரர். ஒரு கொக்குக்காக மூணு மணி நேரம் பேசினார். அந்தக் கொக்கே வந்து போதும் விடுங்கன்னு சொல்லியிருக்கும். ஆனா யோசிச்சுப் பாரு, கொக்குக்குன்னு அவரைத் தவிர யார் இருக்கா? நகராட்சிக்காரருக்கு வரி வேணும், அந்த வரியிலதான் டாக்டர் அம்மா ஆஸ்பத்திரியே நடக்குது. கூத்தைக் கேளு, ஆலையை நிறுத்தச் சொல்ற தீர்மானத்தையும் அந்த ஆலைக் காகிதத்துலதான் அச்சடிச்சிருக்காங்க.

— எங்க ஆலை ஆய்வுக்கூடத்துல பாட்டில் கழுவற அக்கா இருக்காங்க. ரெண்டு பொண்ணுங்களை ஒத்தையா வளர்க்கறாங்க. நேத்து வந்து, "நிறுத்திடுவாங்களா, கண்ணு?"ன்னு கேட்டாங்க. நான் கை கழுவற மாதிரி திரும்பிக்கிட்டேன். சொல்லுங்க, மாமா. அவங்களுக்கு என்ன பதில்?

— பதில் இருந்தா நான் ஏன் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டேனா? ஒண்ணு நியாயம், ஒண்ணு அநியாயம்னா தூங்கிக்கிட்டே தீர்ப்பு சொல்லலாம். இங்க எல்லாமே நியாயம். எதையாவது ஒரு நியாயத்தை மிதிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்.

— நம்ம வீடும் அந்த அறுநூத்துல ஒண்ணுதான். நானும் உங்க பையனும் ஆலைச் சம்பளம். இருக்கிறதும் ஆலை வீடு.

— அவன் பேச்சை எடுக்காதே. எட்டு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி. சுவத்தைப் பார்த்துச் சொல்றான், சுவர் எனக்குச் சொல்லுது. "சுவரே, குளிக்க வெந்நீர் போட்டாச்சுன்னு சொல்லு." அதுக்கு முந்தி, கால்ல கட்டோட நொண்டி நொண்டி வந்தானே, என்னடா ஆச்சுன்னு கேட்டேன். "நீராவி பட்டுடுச்சு"ன்னான், கதவைச் சாத்திக்கிட்டான். பெத்தவனுக்குக் கிடைச்சது அந்த ரெண்டு வார்த்தைதான்.

— அவருக்கு… ஷிப்ட்டுல வேலை ஜாஸ்தி.

— நீ பூசி மெழுகாதே. சொந்த அப்பனே பொழைப்புல மண்ணைப் போட வந்து நின்னா எவனுக்கும்தான் கோபம் வரும். வரட்டும். நீ எதுக்கு வந்தே? ஆலையில என்ன சொல்லிட்டு வந்தே?

— பல்லு வலின்னு.

— எந்தப் பல்லு?

— மாமா, பேச்சை மாத்தாதீங்க. அந்தச் சாட்சிப் படிவம் எங்கே? கையெழுத்துப் போட்டுட்டீங்களா? இப்படிக் கொடுங்க.

— அதுல ரெண்டு கட்டம் இருக்கு, பார்த்தியா? தண்ணியை எடுத்தவர், பாட்டிலை மூடினவர். ஒரு பாட்டில் தண்ணிக்கு ரெண்டு பேர் சாட்சி! ரெண்டாவது கட்டத்துல நான் யார் பேரை எழுத? எருமை பேரையா?

— கொடுங்கன்னா… இது… மாமா, இது வெறுமையா இருக்கே! உங்க கட்டத்துலயும் எழுதலையா?

— எழுதல. எழுதவும் மாட்டேன்.

— அப்போ உள்ளே போய் என்ன செய்யப் போறீங்க?

— எருமையைச் சொல்லுவேன். யானைக்குட்டியைச் சொல்லுவேன். ஒரு முதலை அழுதுக்கிட்டே கரையேறிச்சுன்னு சொல்லலாமான்னு யோசிக்கிறேன். வக்கீல் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பார். "கிழவன் புளுகு, பாட்டிலைத் தூக்கிப் போடு"ம்பாங்க. போடட்டும். கிழவன் விளையாட்டுன்னு ஆகிட்டா, அதுக்கப்புறம் எடுத்தது யாருன்னு எவனும் தேடமாட்டான்.

— யாரை… யாரைத் தேடறாங்க?

— மருமகளே. அந்தப் பழுப்புக் கண்ணாடி பாட்டில் இந்த ஊர்ல ஆலை ஆய்வுக்கூடத்துலதான் இருக்கு. மேனேஜர் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிக்கிறார்னு நீயே அடுக்களையில சொன்னே. அந்தப் பாட்டில் மூடிக்கு மேல ஒரு பாலித்தீன். அதுக்கு மேல ரப்பர் பேண்டு மூணு சுத்து. நாலாவது சுத்துல ஒரு முறுக்கு. நம்ம வீட்டு எண்ணெய் பாட்டிலைத் தினமும் திறக்கறவன் நான். நகமே பேர்ந்துபோச்சு.

— தெரிஞ்சேதான் அன்னிக்கு எழுந்தீங்களா?

— தெரியாம எழுந்திருக்கறதுக்கு என் மூட்டு அவ்வளவு சொன்ன பேச்சு கேக்காது.

— வீட்டைக் காப்பாத்தறதுக்கு ஊர்த் தண்ணியை விட்டுக் கொடுக்கறீங்களா, மாமா? நீங்களா?

— ஒரு தடவை விட்டுக் கொடுத்தேன். அதுக்குத்தான் இந்தப் பை. திற.

— நோட்டு… ஒன்பது நோட்டு. எல்லாம் பென்சில் கோடா இருக்கே?

— பம்ப் ஹவுஸ்ல மணல் வடிகட்டி இருக்குல்ல? அழுக்கு சேர்ந்தா தண்ணியைத் திருப்பி விட்டு மணலைக் கழுவணும். ஒரு தடவை கழுவினா ஒரு கோடு. கிழமை போட்டிருக்கேன். படி.

— செவ்வாய் ஒண்ணு… புதன் ஒண்ணு… வியாழன் நாலு. அடுத்த வாரம் செவ்வாய் ஒண்ணு, புதன் ஒண்ணு… வியாழன் அஞ்சு. இதுலயும் வியாழன்… எல்லா வாரமும் வியாழன்.

— மாசுத் தடுப்பு ஆபீஸ்காரங்க சோதனைக்குத் தண்ணி எடுக்க வர்றது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வருஷக்கணக்கா அதே கிழமை, அதே மணி. அதனால செவ்வாய்க்கிழமை வாய்க்கால் தலை சீவிப் பவுடர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஆலைத் தொட்டியில தேக்கி வெச்சதையெல்லாம் வியாழக்கிழமை விடியறப்ப திறந்து விடுவாங்க. ரெண்டு மணி நேரத்துல என் மணல் கறுத்துப்போகும்.

— ஒன்பது வருஷமா… உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். ஆபீஸ் ரிஜிஸ்டர்ல தினமும் "வழக்கம் போல"ன்னு எழுதினேன். நோட்டுல மட்டும் கோடு போட்டேன். யாருக்குக் காட்டப் போறேன்னு எனக்கே தெரியல. ஆனா போடாம இருக்க முடியல.

— ஏன் மாமா அப்பவே சொல்லல?

— முதல் நோட்டு எந்த வருஷம், பாரு.

— … அவர் ஆலையில சேர்ந்த வருஷம்.

— சேர்ந்து நாலு மாசம். முதல் சம்பளத்துல எனக்கு இந்தச் செருப்பு வாங்கிக் கொடுத்தான். இதைப் போட்டுக்கிட்டுப் போய் அந்த மணலைக் கழுவினேன். டாக்டர் அம்மா அன்னிக்குப் படம் காட்டினாங்களே, அதுல ஒவ்வொரு கையும் என் குழாய்ல தண்ணி பிடிச்ச கை.

— இதைக் கொடுத்தா ஊர் உங்களைச் சும்மா விடாது.

— துப்பட்டும். துடைச்சுக்கத் துண்டு எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன். இதுல பாரு, ஒண்ணு சொல்றேன், நம்பு. என் புளுகெல்லாம் வாயோட சரி. பென்சில்ல ஒரு கோடு கூட்டிப் போட்டதில்லை. ஆபீஸ்ல மோட்டார் ஓடின மணிக்கணக்கு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும். வியாழனுக்கு வியாழன் பொருந்தும். பாட்டில் வேண்டாம், பாட்டில்காரி பேரும் வேண்டாம்.

— மாமா… பியூன் கதவைத் திறக்கறார்.

— கூப்பிட்டாச்சா? பையைக் கொடு. பொத்தான் சரியா இருக்கா?

— உங்களை இல்லை. அவர் கையில இருக்கிற சீட்டுல அடுத்த பேர் என்னுது.

— உன் பேரா? உன் பேர் எப்படி அங்க போச்சு?

— நேத்து சாயங்காலம் இங்க வந்து வேற படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டேன். காலையிலேருந்து இதைச் சொல்லத்தான் பார்க்கறேன், வாய் வரல. அதான் வக்கீல் வேஷம் போட்டேன். நீங்க உள்ளே போய் எருமையை விட்டீங்கன்னா என் கையெழுத்தும் கரைஞ்சுபோகும். எனக்கு அப்புறம் நீங்க வாங்க. நோட்டைக் கொடுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

— அடிப் பாவி… வேலை போயிடுமேம்மா!

— போகும். அந்த அக்காவுக்கும் போகும். அவங்க முகத்தைப் பார்த்து நானே சொல்லணும். மூடினவர் கட்டத்துல என் பேரை எழுதறப்ப அதைத்தான் நினைச்சேன்.

— இரு… மூடினவர் கட்டமா? அப்போ எடுத்தவர் கட்டம்? அது காலியா இருந்தா படிவமே செல்லாதே! விடு, அதுல நான் போடறேன். கழுத்தளவு இல்ல, இடுப்பளவு இல்ல, நீ சொன்ன மாதிரியே முழங்கால்னு சொல்லிடறேன்…

— அது காலியா இல்ல, மாமா. உங்க பையன் கையெழுத்து இருக்கு. அவர் கோபத்துல பேசாம இல்ல. "நான் செஞ்சதை அப்பா தன் தலையில ஏத்துக்கிட்டாரே, அவர் முகத்தைப் பார்த்தா உடைஞ்சுடுவேன்"னு சுவத்தைப் பார்த்துப் பேசறார். முழங்கால் அளவுன்னு நான் எதுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்? அது நீராவி பட்ட காயம் இல்ல, மாமா; அவர் கால்ல கட்டு எதுவரைக்கும் இருக்குன்னு நீங்க பார்க்கவே இல்லையா?