இடது கைக்கு ஒரு கோடாலி

2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஜெகன் வீட்டில் அவன் அம்மா கண்ணம்மா கொடுத்த காபியை இடது கையால் வாங்கிவிட்டேன். அவர் டம்ளரை விடாமல் ஒரு நொடி என் கையையே பார்த்தார்.

தவறை முதலில் எழுது, நாளைய வேலையை எழுதி முடி என்பது அம்பத்தூர் மாலை வகுப்பில் வரலட்சுமி மேடம் சொல்லித்தந்த முறை. பாடம் தரக் கட்டுப்பாடு. ஜெகனும் நானும் ஒரே பெஞ்சு. பகலில் ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை. இந்தத் தவறு எப்படி வந்தது என்று எழுத வேண்டுமானால் ஜூனிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜூனில் எங்கள் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் ராஜசேகரன் சார் ஜெகனைப் பரிந்துரைத்தார். என் பெயருக்கு நேரே, 'திருமுருகன்: வேலை சுத்தம். முடிவெடுக்கத் தயங்குகிறார்' என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்றுதான் பல நாள் யோசித்தேன்.

ஜெகன் எந்நேரமும் டோமஹாக் வீடியோ பார்ப்பான். ஒற்றைக் கையில் பிடிக்கிற சின்னக் கோடாலி. விறகு பிளக்கலாம், கூடார முளை அடிக்கலாம், புதர் வெட்டலாம். அவன் பிறந்தநாளுக்கு ஒன்று செய்துதரச் சொல்லி நசரத்பேட்டையில் துலுக்கானம் அண்ணன் பட்டறைக்குப் போனேன். கடையில் விற்பது யார் கைக்கும் பொருந்தும். எனக்கு அது வேண்டாம்.

"இன்னாத்துக்கு நைனா இது?" என்றார்.

வெளியூரில் கூடாரம் போடும்போது பயன்படுத்த என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவன் புடிக்கப் போறானோ அவன் கைய நான் பாக்கணும். இல்லாங்காட்டி புடி போட மாட்டேன்."

மறுவாரம் ஜெகனைக் கூட்டிப்போனேன். அவன் கையைச் சுவரில் வைக்கச் சொல்லி, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். பீச்சாங்கையா என்று சிரித்தார். பிடியை இடது உள்ளங்கைக்கு ஏற்றபடி இழைத்து, வெட்டும் முனையை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்தார். வெட்டைப் பார்த்தாலே எந்தக் கை என்று தெரிந்துவிடும் என்றார். அப்படி யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஜெகன் அதை வாங்கி இரண்டு முறை வீசிப் பார்த்தான். "மாமே, கத்திரிக்கோல்கூட எனக்குச் சரியா நின்னதில்ல. என் கைக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து நாற்பது நாள் இடது கையால் எழுதினேன், பல் தேய்த்தேன், பூட்டைத் திறந்தேன். சாப்பிட மட்டும் மனம் ஒப்பவில்லை. முகப்பேர் அறையில் வாழைத்தண்டுகளை இடது கையால் வெட்டிப் பழகினேன். அந்த மாதம் முழுக்கப் பொரியல்தான்.

ஆயுதத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று கண்ணம்மா அம்மா பிடிவாதம் பிடித்ததால், ஜெகன் அதைக் கோணிப்பையில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தான். ஞாயிறு விடியும்போது, கையுறை போட்டுக்கொண்டு எடுத்தேன். ராஜசேகரன் சார் கோவில்பதாகை ஏரிக்கரையில் நடக்க வருவார். என்னைப் பார்த்ததும், நீயும் வாக்கிங்கா, நல்ல பழக்கம் என்றார். அவர் முன்னால் போனதும் நான் தயங்கவில்லை. ஒரே வெட்டு. ஆறரை மணிக்குள் கோடாலி மறுபடி கோணிக்குள் இருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

நேற்று போலீஸ் அதை எடுத்தது, ஜெகனையும் பிடித்துப்போனது. துலுக்கானம் அண்ணன் சுவரைக் காட்டி, இந்தக் கைக்குத்தான் செய்தேன் என்று உண்மையைச் சொன்னார். ஜெகன் தன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று கண்ணம்மா அம்மா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இன்று மாலை அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். "அத்த ஊட்டுக்குள்ள வெச்சிருந்தா என் புள்ள தப்பிச்சிருப்பான் இல்ல தம்பி?" என்று அழுதார். அப்படி நினைக்காதீர்கள் என்று தேற்றினேன். அதற்குப் பிறகுதான் அந்தக் காபி. கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"நீ சோத்தாங்கைக்காரன்தானே?"

ஆமாம் அம்மா என்றேன். அவர் கதவைச் சாத்தாமல் நான் தெருமுனை திரும்பும் வரை நின்றார்.

மொத்த வேலையில் இது ஒன்றுதான் பிழை. ராஜசேகரன் சார் இருந்திருந்தால் 'தயங்குகிறார்' என்ற வரியை அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பார்.

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்குக் கண்ணம்மா அம்மாவைப் பூந்தமல்லி கோர்ட்டுக்கு அழைத்துப்போய் வக்கீலிடம் விட வேண்டும். அவருக்கு என்னை விட்டால் யாருமில்லை. எது கொடுத்தாலும் வலது கையால் வாங்க வேண்டும்.