குன்வோர் எங்கே, ஹல்வார்ட் எங்கே

குன்வோர்: இந்தத் துணி அறைக் கதவைச் சாத்து. ம்... நல்லாச் சாத்து. இப்பச் சொல்லு, துரிட்கிட்ட என்ன உளறி வெச்சே?

ஹல்வார்ட்: நானா? தலைமை நர்ஸோட நான் நின்னு பேசியே ஒரு வாரமாச்சு.

குன்வோர்: அப்புறம் ஏன் என் முன்னால வாஃபிள் தட்டு வெச்சு, அதுல ரெண்டு கொடி குத்தியிருக்காங்க?

ஹல்வார்ட்: வெள்ளிக்கிழமைன்னா வாஃபிள்தானே...

குன்வோர்: வாஃபிள் சரி. கொடி பிறந்தநாளுக்குத்தானே குத்துவாங்க? என் பிறந்தநாள் பிப்ரவரியில. வார்டே கை தட்டுது. ஏழாம் அறைப் பெரியவர் வரைக்கும் "நல்லா இரு பொண்ணே"ன்னு வாழ்த்து சொல்றார்.

ஹல்வார்ட்: எதுக்கு வாழ்த்து?

குன்வோர்: நமக்கு.

ஹல்வார்ட்: ...நமக்கா?

குன்வோர்: மூணு வாரமா மத்தியானம் துரிட் தன் நெஞ்சுல மாட்டின, பேசற பேட்ஜைத் தட்டி "குன்வோர் எங்கே?"ன்னு கேட்டா, அது "கீழ்த்தளம், சலவை அறை"ங்குதாம். "ஹல்வார்ட் எங்கே?"ன்னா அதுவும் சலவை அறை. பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டு பேரும் லிஃப்ட்ல. அப்புறம் பின்பக்க நடைபாதை. ஒருத்தரை விட்டு ஒருத்தர் ஒரு அடி விலகலையாம்... சிரிக்காதே.

ஹல்வார்ட்: சிரிக்கல. இருமல்.

குன்வோர்: ஜோடின்னா ஒரே ஷிஃப்ட்ல வைக்க மாட்டாங்களாம். திங்கக்கிழமையிலேருந்து ஒருத்தர் நாலாம் மாடி. யாருன்னு ரெண்டு மணிக்குள்ள சொல்லணும். பதினோரு வருஷமா இந்த வார்டுல கிடக்கேன், நான் போக மாட்டேன்.

ஹல்வார்ட்: ஜோடியே இல்லைன்னு சொல்லிட்டாப் போச்சு.

குன்வோர்: அப்ப சலவை அறையில என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்களே?

ஹல்வார்ட்: நீ என்ன பண்ணினே?

குன்வோர்: ...நான் அங்க இல்ல. என் பேட்ஜ்தான் இருந்துது. பெர்டாவோட வயித்துல.

ஹல்வார்ட்: அந்த அழுக்குத்துணி ரோபோ வண்டியிலயா?

குன்வோர்: அடியில டேப் போட்டு ஒட்டிட்டுப் போவேன். எப்பவும் மழை பெய்யற பெர்கன்ல அதிசயமா வெயில் அடிக்குது, ஏரிக்கரையில உக்காந்து என் ரொட்டியைப் பிரிக்கறேன், நெஞ்சுலேருந்து ஒருத்தி "அழைப்பு வருகிறது, எடுக்கிறீர்களா?"ங்குறா. எப்படித் தொண்டையில இறங்கும்?

ஹல்வார்ட்: "தொந்தரவு வேண்டாம்"னு சொன்னா வாயை மூடிக்குமே.

குன்வோர்: சொன்னேனே. கூப்பிடறவங்க அத்தனை பேர்கிட்டயும் "குன்வோர் தொந்தரவை விரும்பவில்லை"ன்னு ஒப்பிச்சுது. துரிட் மூணு நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசல.

ஹல்வார்ட்: அதான் சலவைக்காரங்க புலம்பினாங்களா... பெர்டா "வழி விடுங்கள்"ங்குதாம், வயித்துக்குள்ளேருந்து இன்னொரு குரல் "ஏழாம் அறையில் அழைக்கிறார்கள்"ங்குதாம். ஒருத்தன் பேய்னு கூடையைப் போட்டுட்டு ஓடிட்டானாம்.

குன்வோர்: பேச்சை மாத்தாதே. உன் பேட்ஜ் ஏன் அங்க இருந்துது?

ஹல்வார்ட்: எனக்கும்... சாப்பாட்டு நேரத்துல நிம்மதியா...

குன்வோர்: நீ சைக்கிள் கொட்டகையிலதானே திங்கறே? அங்க சிக்னலே கிடையாது. எவன் கூப்பிட்டாலும் பேட்ஜ் வாயைத் திறக்காது. உனக்கு எதுக்கு பெர்டா?

ஹல்வார்ட்: நான் எங்க திங்கறேன்னு உனக்கெப்படி...

குன்வோர்: நான் கேட்டதுக்குப் பதில்.

ஹல்வார்ட்: ஒரு நாள் பெர்டா லிஃப்ட் வாசல்ல மாட்டிக்கிச்சு. தள்ளிவிடக் குனிஞ்சேன். உன் பேட்ஜ் தெரிஞ்சுது.

குன்வோர்: எடுத்துட்டு வந்து கொடுக்கறதுக்கென்ன?

ஹல்வார்ட்: கொடுக்கலாம்னுதான்... அப்புறம் என்னோடதையும் கழட்டிப் பக்கத்துல ஒட்டிட்டேன். மறுநாளும் ஒட்டினேன்.

குன்வோர்: ஏன்?

ஹல்வார்ட்: ரெண்டு வருஷமா உன்னை ஒரு காபி குடிக்கக் கூப்பிட வாய் வரல, குன்வோர். அதுங்களாவது ஒண்ணா ஊர் சுத்தட்டுமேன்னு.

குன்வோர்: மணி ரெண்டாகப் போகுது.

ஹல்வார்ட்: துரிட்கிட்ட நானே போறேன். எல்லாம் என் கோமாளித்தனம்னு சொல்லிடறேன். உன்னைப் பத்தி மூச்சு விட மாட்டேன். நாலாம் மாடிக்குத் துரத்தினாலும் சரி.

குன்வோரின் பேட்ஜ்: துரிட் அழைக்கிறார். எடுக்கிறீர்களா?

ஹல்வார்ட்: வேண்டாம்னு சொல்லு. கொஞ்சம் யோசிச்சு...

குன்வோர்: எடுக்கறேன்.

துரிட்: மணி ரெண்டாச்சு. நாலாம் மாடிக்கு யாரு?

குன்வோர்: ஹல்வார்ட். நான் இங்கயே இருக்கேன்.

துரிட்: அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டியா?

குன்வோர்: பக்கத்துலதான் நிக்கறான்.

துரிட்: தெரியும். துணி அறைன்னு பேட்ஜ் சொல்லிடுச்சு. சீக்கிரம் வெளியில வாங்க, வாஃபிள் ஆறுது.

ஹல்வார்ட்: ஜோடி இல்லைன்னு நீ சொல்லவே இல்லையே.

குன்வோர்: சொல்லல.

ஹல்வார்ட்: அப்போ... என் பேட்ஜ் அங்க இருந்தது உனக்கு முன்னாலேயே தெரியுமா?

குன்வோர்: நீ ஒட்டினது காயத்துக்குப் போடற பிளாஸ்திரிடா. இரும்புல அது நிக்குமா? ரெண்டாம் நாளே கழண்டு தொங்கிச்சு. நல்ல டேப்பா எடுத்து, என்னோடதுக்குப் பக்கத்துல அழுத்தி ஒட்டினது யாருன்னு நினைச்சே?