ரேகா இல்லைங்க

செண்பகனூரில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“இன்னைக்கு எப்படியாச்சும் பாய்கிட்ட எம் பேரச் சொல்லிரணும்டி.”

நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“ஒங்க முதலாளிக்கு ஒம் பேரு தெரியாதா?”

“கடையில சேர்ந்த அன்னைக்கே ரேகான்னு கூப்பிட்டாரு. இல்லைங்கன்னு சொல்ல வாய் வரல. அப்படியே பழகிருச்சு.”

“அடிப்பாவி! இத்தன வருசமாவா?”

“எம் பொறந்தநாளுக்குக் கேக்கு வாங்கி, அதுலயும் ரேகான்னு எழுதியிருந்தாரு. அழுதுட்டேன். சந்தோசத்துல அழுவுறேன்னு நெனச்சுக்கிட்டாரு.”

“ஒனக்கு வெக்கம் சாஸ்தி.”

“வெக்கம் இல்லடி. மத்தவங்க என்ன நெனப்பாங்களோன்னு வர்ற பதட்டமாம். டாக்டரம்மா சொன்னாங்க. தெனம் ஒரு சின்ன விசயத்த வாயத் தொறந்து சொன்னா கொறையுமாம். காலையில பாத்ரூம்ல சொல்லிப் பாத்தேன். நல்லா வந்துச்சு.”

“பாத்ரூமுக்கு ஒம் பேரு தெரிஞ்சு என்ன செய்ய?”

அப்போது அவள் போன் அடித்தது. முதலாளிதான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

“பாய், நான் ரேகா இல்லைங்க, செல்வி.”

அவர் குரல் என் சீட் வரை கேட்டது.

“அப்படியாம்மா? வெரசா ரேகாகிட்ட போனக் குடு.”

செல்வி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“சொல்லுங்க பாய், ரேகாதான்.”

தோழி முன்கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். பேசி முடித்த செல்வியோ முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

“ஆனா, சொல்லிட்டேன்ல?”