அத்தானின் இடத்தில் ஒரு குழந்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, என் அத்தான் தங்கமான மனிதர். சாப்பிட மட்டும் நேரத்துக்கு வரமாட்டார். அவர் வந்து உட்காராமல் யாரும் தட்டில் கைவைக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். சோறு ஆறிப்போகும், என் வயிறு கத்தும், அத்தான் வாசலில் நின்று யாரிடமோ கதையளந்துகொண்டிருப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆபீஸ். அங்கேயும் அதே கதைதான். இந்த நகரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் எங்கள் கோப்பில் இருக்கிறார்கள். புதிதாக வருபவர்களை அதில் எழுதிச் சேர்க்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புரோகிராம்; அத்தான் எழுதியது ஒன்று, நான் எழுதியது ஒன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அடுத்த ஆளை எங்கே எழுதுவது என்று காட்டும் சுட்டி மட்டும் பொது. பத்துப் பேர் ஒரே புத்தகத்தை ஒரே விரலை வைத்துப் படிப்பதுபோல. அதை நகர்த்த வேண்டுமென்றால் எல்லாப் புரோகிராம்களும் சேர்ந்து ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று வராவிட்டால் மற்றவை அப்படியே நிற்கும். அத்தான் எழுதிய புரோகிராம் எப்போதும் கடைசியில்தான் வரும். வருவதற்கு முன் எல்லாருக்கும் வணக்கம் வேறு சொல்லும்.

எண்ணைக் கொடுப்பது என் பொறுப்பு. வழக்கமாகக் கோப்பின் கடைசி இடத்தைக் கொடுப்பேன். அன்று அத்தான் இருக்கும் இடத்தைக் கொடுத்தேன். அத்தானுடையது உட்பட எல்லாப் புரோகிராம்களும் அதையே சொல்லின. ஒன்றுகூட மறுக்கவில்லை. இதில் என்னை மட்டும் கூப்பிட்டு விசாரிப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்து எழுத வேண்டியிருந்தது அன்று பிறந்த ஒரு குழந்தை. அது அத்தான்மேல் எழுதப்பட்டது; கோப்பில் அத்தான் அழிந்துபோனார். மறுநாள் காலை ஆபீஸில் அவர் நாற்காலியில் குழந்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். நேரத்துக்கு வந்திருந்தது.

வாசலில் காவலாளி அத்தானைத் தடுத்தார்.

“உங்க இடத்துல ஆள் இருக்கே சார்.”

“அது தூங்குதுப்பா.”

“நீங்க மட்டும் என்ன பண்ணீங்க?”

நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

அந்த வாரமே அத்தானுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் எங்கள் கோப்பைத் திறந்து அவரைத் தேடினால் குழந்தைதான் வந்தது. டாக்டர் நல்லவர்தான், கோப்பில் உள்ள ஆளுக்குத்தானே வைத்தியம் பார்க்க முடியும். அத்தான் வாயில் குழந்தைகளுக்கான சொட்டுமருந்து விட்டு, பெஞ்சில் உட்காரவைத்தார்.

அக்கா போனில் அழுதாள்.

“தம்பி, ஒரே ஒரு தடவை பின்னாடி நகர்த்துடா. குழந்தையைக் கடைசியில எழுதிக்கலாம். அவரை அவர் இடத்துல எழுதிடு.”

எனக்கும் அழுகை வந்தது. கூடப்பிறந்தவள் ஆயிற்றே.

“எல்லாரும் சேர்ந்து சொன்னாத்தான் நகரும்க்கா. ஒருத்தர் மட்டும் இன்னும் வரல. நான் என்ன பண்ண?” என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆபீஸில் எல்லாரும் பதறிப்போய்த் தங்கள் புரோகிராம்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அத்தானுடையதுகூட வணக்கமெல்லாம் சொல்லி முடித்து வந்து நின்றது. சாயங்காலம்வரை எல்லாம் நின்றன. அதற்குள் அத்தான் அந்தப் பெஞ்சிலேயே போய்விட்டார்.

வராமல் இருந்தது என்னுடைய புரோகிராம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவனை அவசரப்படுத்தக் கூடாது, ஐயா.