கொரியாக்காரிக்குப் புருஷன் இருக்கானா?

சுங்கை ரம்பாயிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகள் கையில் சிலம்பக் கம்பு.

"அந்த வாள் சண்டைக் கொரியாக்காரிக்குப் புருஷன் இருக்கானா இல்லையா?" என்று அம்மா திடீரென்று கேட்டாள்.

"இருக்காரும்மா. கல்யாணம் ஆனதும் வாளை விட்டுடுன்னாங்களாம், விடலையே. பிள்ளை பெத்துட்டு வந்தும் போட்டியில ஜெயிச்சா. நேத்து டிவில நீயும்தானே பார்த்த?"

"அது கொரியாவுல லா. ஞாயித்துக்கிழமை உன்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்க நம்ம பாயா ரும்புட் ஊர்க்காரங்க. அன்னிக்காவது அந்தக் கம்பைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வை."

"முடியாதும்மா. வாசப்படியில குறுக்கே போட்டு வைப்பேன். அதைத் தாண்டி உள்ள வர்றவனுக்குத்தான் என் கையால காப்பி."