மோட்டார் அறையில் அண்ணன் தம்பி இருவரையும் வைத்துப் பூட்டியது குறித்து

என் பெயரையும் விலாசத்தையும் ஏட்டையா முதலிலேயே எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. தொழில் விவசாயம். என் கணவருக்கும் அதே தொழில். விசாரிக்கப்பட்டதில் நான் கூறுவதாவது:

புகார் கொடுத்த இருவரில் இளையவர் என் கணவர். மூத்தவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி என் ஓரகத்தி. அவரை அக்கா என்பேன். அண்ணன் தம்பி நிலம் இரண்டும் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறது. கிணறு பொது, மோட்டார் பொது, மோட்டார் வைத்திருக்கும் தகரக் கூரை அறையும் பொது. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

பேச்சு நின்ற காரணத்தைக் கேட்டதால் சொல்கிறேன். சில கோடைகளுக்கு முன் என் கணவர் எங்கள் எருமையை விற்பதாக இருந்தார். வாங்க வந்தவர் முன்னால் மாமா அதற்கு மாறுகண் என்று சொல்லிவிட்டார். வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். எருமைக்கு மாறுகண் இருப்பது உண்மைதான், ஆனால் அதைச் சொன்ன நேரம் சரியில்லை. அன்று முதல் ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் என்னிடம்தான் சொல்வார். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் அப்படித்தான். "சொரணை இருந்தா வரப்பை வெட்டாம இருக்கச் சொல்லு" என்று மாமா சொல்வார். நான் என் கணவரிடம், வரப்பு கொஞ்சம் தள்ளியிருக்கிறதாம், பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்பேன். இப்படி மாற்றிச் சொன்னது குற்றமென்றால் அதையும் எழுதிக்கொள்ளலாம்.

இந்த வருஷம் நாங்கள் தக்காளியும் மாமா தர்பூசணியும் போட்டிருக்கிறோம். வெயிலில் கிணற்றுத் தண்ணீர் அடியோடு இறங்கிவிட்டது. அதனால் மோட்டார் குழாயில் காற்று புகுந்துகொள்கிறது. அப்போது ஒருவர் குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். நிரம்பிய அந்த நொடியிலேயே இன்னொருவர் சுவிட்சைப் போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊற்றியது அத்தனையும் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

சம்பவத்தன்று காலை மாமா குழாயில் ஊற்றினார். என் கணவர் சுவிட்சருகே நின்றார். நான் வாசலில் நின்றேன். குழாய் நிரம்பியதும் மாமா என்னைப் பார்த்து, "போடச் சொல்லும்மா" என்றார். நான் என் கணவரிடம், "போடச் சொல்றாங்க" என்றேன். அவர், "இப்பவான்னு கேளு" என்றார். நான் கேட்டேன். அதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அதன் பின் மறுபடியும் ஊற்றினார்கள், மறுபடியும் இறங்கியது. வெயில் உச்சிக்கு வரும்வரை இதுவே நடந்தது. வீட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தது நானும் அக்காவும். அதன் பின் நான் வெளியே பார்த்தபோது தக்காளிச் செடியெல்லாம் காயோடு தலை தொங்கிப்போயிருந்தது. அக்கா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுருண்டுகிடந்த தர்பூசணிக் கொடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன் பின் நான் நிறைந்த குடங்களை எல்லாம் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பூட்டியது யார் என்று கேட்கப்பட்டது. பூட்டப்பட்டது. அப்போது அக்கா என் பக்கத்தில் இருந்தார். இதற்கு மேல் எனக்கு நினைவில்லை. சாவி மட்டும் என் கைக்கு வந்தது. அதன் பின் நான் கதவு வழியாகச் சொன்னது: "இனிமே நடுவுல ஆள் இல்ல. நீங்களே பேசி மோட்டாரை ஓட்டுங்க. தண்ணி வந்தா கதவு திறக்கும்."

அதன் பின் என் கணவர் சுவரிடம் பேசுவதுபோல, ஊற்றுகிறவர்கள் ஊற்றினால் போடுகிறவர்கள் போடுவார்கள் என்றார். மாமா, ஊற்றியாயிற்று, போடுகிறவன்தான் தூங்குகிறான் என்று கூரையிடம் சொன்னார். இதில் ஒரு குடம் வீணாயிற்று. அதன் பின் மாமா "போடுடா" என்று கத்தியதும் மோட்டார் ஓடியதும் ஒன்றாக நடந்தன.

தண்ணீரைப் பார்த்ததும் நானும் அக்காவும் மண்வெட்டியோடு ஓடினோம். கதவைத் திறக்க வேண்டும் என்பது ஞாபகத்தில் இருந்தது; தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று முதலில் மடையைத் திறந்தேன். குனிந்து வெட்டியபோது இடுப்பில் செருகியிருந்த சாவி விழுந்திருக்க வேண்டும். அது நான் வேண்டுமென்று செய்ததல்ல. அதன் பின் இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவினோம். ஒரு தவளையும் ஒற்றைச் செருப்பும் அகப்பட்டன. உள்ளே இருப்பவர்கள் பசியோடு இருக்கக் கூடாது என்று வாய்க்கால் ஓரத்து வெள்ளரிக்காய்களைப் பறித்துக் கதவுக்கடியில் தள்ளினேன். ஒல்லியானது ஒன்றுதான் உள்ளே போயிற்று.

சாவி தொலைந்ததைச் சொன்னதும் இருவரும் சேர்ந்து கத்தினார்கள். அடுத்த தோட்டத்துக்காரர், எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுபவர், அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்வதாகப் போலீசுக்குச் சொல்லிவிட்டார். அதன் பின் நிலையத்திலிருந்து வந்தவர்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். வெட்டுக்காயம் ஏதும் இல்லை. இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரே உரச்சாக்கின்மேல் உட்கார்ந்து, வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பெரிய பாதி என் கணவர் கையில் இருந்தது. பேச்சு என்னைப் பற்றியதாக இருந்தது. அதை இங்கே எழுத முடியாது.

அதன் பின் இருவரும் ஒரே வண்டியில் ஏறி வந்து என்மேல் புகார் கொடுத்தார்கள். அக்கா தண்ணீர் பார்க்க வயலில் நின்றுவிட்டார். புகார் எழுதும்போது நான் எதிர் பெஞ்சில் இருந்தேன். என் கணவர் சொல்லச் சொல்ல மாமா திருத்திக்கொண்டே வந்தார். "அடைச்சு வச்சான்னா போதாதுடா, தகரக் கூரைக்குக் கீழன்னு சேர்த்துச் சொல்லு" என்றார்.

என் கணவர், "ஆமாண்ணே" என்றார்.

அப்போது நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தேன். அது வியர்வை என்று எழுதிக்கொள்ளவும்.

இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் புகாரைத் திரும்பப் பெறச் சொல்கிறேன் என்று ஏட்டையா கூறினார். அவருடைய நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. புகார் அப்படியே இருக்கட்டும். விசாரணைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிடும்போது இருவரையும் சேர்த்தே கூப்பிட வேண்டும், இன்று வந்ததுபோல ஒரே வண்டியில் வரச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை பிடிக்கும்வரை வழக்கை இழுத்தால் இன்னும் நல்லது.

நான் சொன்னது இவ்வளவே. ஏட்டையா படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது. பொய் கலக்காமல் சொன்னேன் என்பதற்கு இதன் கீழ் என் கையொப்பம்.

(கையொப்பம்)

என் முன்னிலையில் எழுதப்பட்டது: நிலைய ஏட்டு